மண்டபத்துக்குப் போன பரிசோதனை முடிவு

சென்ற இலையுதிர்காலத்தில், டென்மார்க்கின் ஓகூஸ் நகரில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் நடந்தது இது. நான் அங்கே இரத்தப் பரிசோதனை செய்பவள். ஆளை அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

மலேரியா எங்களுக்கு அபூர்வம். கை மறந்துவிடாமலிருக்கப் பழைய கண்ணாடித் தகடுகளை வைத்துப் பயிற்சி எடுப்போம். மருந்தும் எப்போதும் இருப்பில் இருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை ஒரு தமிழர் காய்ச்சலோடு வந்தார். தொழிற்சாலை வேலையாகக் கானாவுக்குப் போய்த் திரும்பியவர். முதல் பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை. கிருமிகள் குறைவாக இருந்தால் அப்படி நடக்கும். மறுபடி இரத்தம் எடுத்துப் பார்ப்பதுதான் முறை. மறுநாள் காலை நான் போனபோது காய்ச்சல் இறங்கியிருந்தது. காலில் சப்பாத்தும் போட்டுக்கொண்டு கட்டிலில் இருந்தார்.

"தங்கச்சி, இல்லையெண்டு வந்திட்டுதுதானே? இண்டைக்கு மகளின்ரை சாமத்திய வீடு. தகப்பன் இல்லாமல் என்னெண்டு செய்யிறது?"

"ஒருக்கால் பார்த்திட்டு இல்லையெண்டு சொல்லேலாது அண்ணை. முடிவு வரும்வரைக்கும் இருங்கோ."

"இரத்தத்தை எடுங்கோ, ஆளை விடுங்கோ," என்று சிரித்தார்.

மகளின் பூப்புனித நீராட்டு விழாவாயிற்றே, மருத்துவர் தடுத்தும் கேட்கவில்லை. அழைத்தால் எடுப்பதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இந்த முறை நுண்நோக்கியில் தெளிவாகத் தெரிந்தன, சிவப்பணுக்களுக்குள் சிறு வளையங்களாக மலேரியாக் கிருமிகள். மூளையையும் சிறுநீரகத்தையும் விரைவில் தாக்கக்கூடிய வகை. மருத்துவர் திரும்பத் திரும்ப அழைத்தார். அந்த அண்ணையும் எடுக்கவில்லை, மனைவியும் எடுக்கவில்லை. மண்டபத்து மேளச் சத்தத்தில் எப்படிக் கேட்கும்?

இங்கே தமிழர் கொஞ்சப் பேர்தான். அன்று நடந்த ஒரே சாமத்திய வீட்டுக்கு என் அம்மாவும் போயிருந்தார். ஆனால் நோயாளியின் விஷயத்தை வெளியே சொல்ல எனக்கு உரிமை இல்லை. காரணம் சொல்லாமல் போனைக் கொடுக்க மட்டும் சொல்வதாக மருத்துவரிடம் கேட்டு அனுமதி வாங்கினேன்.

"அம்மா, பிள்ளையின்ரை தாயிட்டைப் போனைக் குடுங்கோ."

"ஆராத்தி நடக்குதடி. அப்பிடி என்ன தலைபோற விசயம்?"

"சொல்லேலாது. இப்பவே குடுங்கோ."

"வரவர எனக்கும் டொக்டராகிட்டாய்," என்று முணுமுணுத்தபடியே மேடையேறினார். பிள்ளையின் தாயின் குரல் கேட்டதும் நான் போனை மருத்துவரிடம் நீட்டினேன்.

பட்டு வேட்டிக்கு மேல் குளிர் ஜாக்கெட்டோடு, மீண்டும் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார் அந்த அண்ணை. உடனே மருந்து ஏற்றினார்கள். சில நாட்களில் நலமாக வீட்டுக்குப் போனார். "படம் எடுத்து முடிக்கவும் விடேல்லை நீங்கள்," என்பதுதான் அவர் குறை.

இப்போது யாராவது முடிவுக்குக் காத்திராமல் கிளம்பினால், நிச்சயமாகப் போனை எடுக்கக்கூடிய இன்னொருவரின் இலக்கத்தையும் கேட்டு வைக்கிறேன். நான் கண்டுபிடித்தது உரியவரின் காதில் விழும்வரை என் வேலை பாதியிலேயே நிற்கிறது என்பதை அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு மறக்க முடியவில்லை.