ஹேமலதா வரைந்த அந்துப்பூச்சி

ஹேமலதா பட்டுப் புடவைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவள். அவள் கோபம் ஆரணிக் கடைக்காரர்கள் அறிந்ததுதான். ஐந்து இதழ்ப் பூவுக்கு ஆறாவது இதழ் கேட்டவரிடம், அந்த வேலையையே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவள்.

சந்தவாசல் சாலையில் வண்டி பஞ்சரானபோதுதான் அந்தப் பூச்சியைப் பார்த்தாள். கொளுத்தும் வெயிலில், கிலுகிலுப்பைச் செடிகளுக்குள் தாழப் பறந்து பறந்து உட்கார்ந்தது. வெள்ளை இறக்கையில் சிவப்பும் கறுப்புமாகப் புள்ளிகள். பட்டாம்பூச்சி என்றே நினைத்தாள். ஆனால் உட்கார்ந்ததும் அது இறக்கையை மேலே கூப்பவில்லை, முதுகோடு போர்த்திக்கொண்டது. பட்டாம்பூச்சிக்கு இருப்பதுபோல் மீசை நுனியில் குமிழும் இல்லை. பூச்சி பார்க்கிறவர்களின் குழுவுக்குப் படம் அனுப்பினாள். பகலில் பறக்கும் அந்துப்பூச்சி என்று பதில் வந்தது. அதன் புழு கிலுகிலுப்பையின் நஞ்சைத் தின்றே வளருமாம். பறவைகள் வாயில் வைத்ததும் துப்பிவிடுமாம். அவளுக்குப் பிடித்துப்போகாமல் இருக்குமா?

அதையே கல்யாணப் புடவைக்குப் புட்டாவாக வரைந்தாள். கடைக்காரர் பரசுராமனுக்குப் போனில் மாதிரியை அனுப்பிவிட்டு நேரிலும் போனாள். அவருக்கு வாயெல்லாம் பல்.

"பட்டாம்பூச்சி சூப்பரா கீதும்மா. தறியில ஏத்திடலாம்."

"பட்டாம்பூச்சி இல்லண்ணா, அந்துப்பூச்சி."

பெட்டிப் புடவையை அந்து அரித்துவிடுமோ என்று பயந்தே வாழ்கிற ஊரில் இப்படிச் சொல்லலாமா? உண்மையைச் சொன்னதுதான் அவள் செய்த குற்றம்.

பரசுராமன் முகம் சுண்டிவிட்டது. "இன்னாமா பேசிகினு கீற? முகூர்த்தப் புடவைல அந்தா? அபசகுனம். மீசைல குமிழ் வெச்சு, றெக்கைய மேல தூக்கி உட்டுடு. பட்டாம்பூச்சி ஆயிடும்."

"இது துணிய அரிக்கிற ஜாதி இல்லண்ணா. செடிய திங்கிறது."

"அந்து அந்துதான்."

பட்டை விற்றே மாடி மேல் மாடி கட்டிய மனிதர் பேசுகிற பேச்சா இது? ஹேமலதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பட்டுப்புழு வளந்தா இன்னாண்ணா ஆவும்? அதுவும் அந்துதான். அத கூட்டோட வேகவெச்சு எடுத்த நூல்லதான் உங்க கடையே நடக்குது. வெந்து செத்தா மங்களம், உயிரோட பறந்தா அபசகுனமா?"

பரசுராமன் அடுத்த புடவைக் கட்டைப் பிரித்தார். "ஜல்தியா வேற ஒண்ணு போட்டுக் குடு" என்றார். முடியாது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

ஆவணி முகூர்த்தத்துக்கு அவர் கடைக் கண்ணாடியில் புதுப் புடவை தொங்கியது. வேறு யாரோ மீசையில் குமிழ் வைத்து, இறக்கையைத் தூக்கிவிட்டிருந்தார்கள். புள்ளிகள் அச்சு அசலாக அவள் போட்டவை. உள்ளே போய்ச் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டாள்.

பரசுராமன் நிதானமாகப் புடவையை மடித்துக்கொண்டே சொன்னார்: "நீ போட்டது அந்தும்மா. இது பட்டாம்பூச்சி."