பூட்டுக்கு வைத்த சந்தனம்

என் மகள் வாங்கிய கார் பேட்டரியில் ஓடுவது. சத்தமே இருக்காது, வாசலில் வந்து நின்ற பிறகுதான் வந்தது தெரியும். அதில் எனக்குப் பெரிய ஆச்சரியம் டிக்கிதான். சாவியில் ஒரு பொத்தானை அழுத்தினால் தானாக மேலே எழும்பும். மறுபடி அழுத்தினால் நிதானமாக இறங்கி வந்து, கடைசி விரற்கடை தூரத்தைத் தானே உள்ளுக்கு இழுத்துப் பூட்டிக்கொள்ளும். இரண்டு கையிலும் பையோடு நிற்கிறவர்களுக்காக அப்படி ஒரு வசதி. அந்த டிக்கியைக் கெடுத்தது நான். கெடுத்தேன் என்று தெரிந்தபிறகும் வாயைத் திறக்காமல் இருந்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மகள் குளத்தூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. மருமகன் மாரடைப்பில் போனபின் திருக்கோகர்ணத்தில் என் வீட்டுக்கே வந்துவிட்டாள். என் மனைவி அதற்கு முன்பே காலமாகியிருந்தாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர். பஸ்ஸில் நின்றுகொண்டே போய்வந்து முதுகுவலி வந்தபிறகு, யாரையும் கேட்காமல் தன் சம்பாத்தியத்தில் இந்தக் காரை எடுத்தாள். வண்டி வந்த சில நாட்களில் ஆயுத பூஜை. என் அக்காவும் பூஜைக்கு வந்திருந்தாள்.

அன்று காலை மகள் வண்டியைக் கழுவித் துடைத்து, டிக்கியைத் திறந்து வைத்துவிட்டு, தட்டில் சந்தனத்தைப் பன்னீர் விட்டுக் குழைத்துக்கொண்டிருந்தாள். குழைத்து முடித்துத் தட்டோடு எழுந்தாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த அக்கா என்னைப் பார்த்தாள். பார்த்தாள், அவ்வளவுதான். எனக்கு அர்த்தம் விளங்கிவிட்டது. புது வண்டிக்கு முதல் பொட்டை இவள் கையால் வைக்கலாமா என்பதுதான் அந்தப் பார்வை.

"இங்கிட்டுக் குடும்மா, நான் வைக்கிறேன். நீ போய்ப் பூவை எடுத்துட்டு வா" என்றேன்.

அவள் தட்டைக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

நான் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவன். கணவனை இழந்த பெண்களை நல்ல காரியங்களில் ஒதுக்கிவைப்பதைக் கண்டித்து மாணவர் மன்றங்களில் பேசிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். நானும் துணையை இழந்தவன்தான். என் கையால் எதையும் தொடங்கக் கூடாது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. தட்டை வாங்கியபோது இந்த நினைப்பு எதுவும் எனக்கு வரவில்லை.

சக்கரங்கள், முன்பக்கம், கண்ணாடி என்று வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டு பின்னால் வந்தேன். எங்கள் வீட்டில் பீரோவுக்கும் கல்லாப் பெட்டிக்கும் பூட்டின் மேல்தான் பொட்டு வைப்பது வழக்கம். டிக்கிக்குப் பூட்டு எங்கே என்று தேடினேன். மேலே தூக்கி நின்ற கதவின் கீழ் விளிம்பில், கொக்கியைக் கவ்விக்கொள்ளும் சிறிய வாய் ஒன்று இருந்தது. அதுதான் பூட்டு என்று தாராளமாகச் சந்தனத்தை அப்பிக் குங்குமமும் வைத்தேன். சந்தனம் தளர்வாக இருந்ததால் வழிந்தது. வழிந்ததைக் கட்டைவிரலால் வழித்து உள்ளேயே தள்ளிவிட்டேன். யாரும் பார்க்கவில்லை.

ஈரம் இருந்தவரை டிக்கி ஒழுங்காக வேலை செய்தது. பிறகு ஒருநாள் பள்ளியிலிருந்து வந்தவள் பொத்தானை அழுத்த, கதவு இறங்கியது, கொக்கியைத் தொட்டது, பீப் பீப் என்று கத்திவிட்டுத் திரும்ப மேலே போய்விட்டது. எத்தனை முறை அழுத்தினாலும் அதேதான்.

மகள் பதறவில்லை. சோதனைக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டே வந்தாள். உள்ளே இருந்த குடை, தண்ணீர்க் கேன் எல்லாவற்றையும் எடுத்தாள். இடையில் கை அகப்பட்டால் கதவு தானாகத் திரும்புவதற்காக விளிம்பில் ரப்பர்ப் பட்டை ஒன்று இருக்கிறது. அதை ஈரத்துணியால் துடைத்தாள். வண்டியை ஓட்டும் பெரிய பேட்டரி போக, விளக்குக்கும் டிக்கிக்கும் சின்ன பேட்டரி தனியாக உண்டாம். அதன் வயரைக் கழற்றிச் சற்று நேரம் விட்டு மாட்டினாள். கையாலேயே மூடிப் பார்த்தாள். ஒன்றும் பலிக்கவில்லை. திருச்சி சர்வீஸ் சென்டரில் அடுத்த வாரம்தான் நேரம் கொடுத்தார்கள்.

என் மகன் வழிப் பேரனுக்கு அந்த வாரமே பரிசம் போடுவதாக இருந்தது. பெண் வீடு கீரனூர். பரிசத் தட்டுகளைத் தன் காரில் கொண்டுபோவதாகத் தம்பியான என் மகனிடம் மகள் சொல்லியிருந்தாள். பின் சீட்டை மடக்கினால் தட்டுகளைப் பூச் சிந்தாமல் வரிசையாக வைக்கலாம் என்று அளந்துகூடப் பார்த்து வைத்திருந்தாள். அவ்வளவு ஆசையாக அவள் எதையும் கேட்டு நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

அதனால்தான் அன்று மாலை என்னிடம் வந்து கேட்டாள். "பூஜையன்னைக்கு டிக்கிக்குள்ள ஏதாச்சும் விழுந்துச்சாப்பா? பூவு, எலுமிச்சம்பழம், அந்த மாதிரி?"

அந்த நொடியில் கட்டைவிரல் ஞாபகம் வந்தது. சந்தனம் காய்ந்தால் சுண்ணாம்புபோல இறுகும் என்று எனக்குத் தெரியாதா? சொல்லியிருக்கலாம். சந்தனத்தைப் பற்றிச் சொன்னால் தட்டைப் பற்றிப் பேச்சு வரும். தட்டை ஏன் வாங்கினேன் என்று வரும்.

"இல்லையேம்மா" என்றேன்.

பரிசத்தன்று காலை மகன் வீட்டு வாசலில் கார் நின்றது. கூடத்தில் சேலை, பழம், தேங்காய், வெற்றிலை பாக்கு, இனிப்பு என்று தட்டுகள் தயாராக இருந்தன. மகள் கடைசியாக ஒருமுறை பொத்தானை அழுத்தினாள். கதவு இறங்கிவந்து கத்திவிட்டு மேலே போனது.

"பரிசத் தட்டு போற வண்டி வாயப் பொளந்துக்கிட்டு நிக்குது பாரு" என்றாள் அக்கா. "நான் அன்னைக்கே நெனச்சேன். எல்லாத்துக்கும் ஒரு ராசி வேணும்ல. ஆத்தா, நீ மனசுல ஒண்ணும் வச்சுக்காத. பெரியவ சொல்றேன், தட்டு இதுல வேணாம்."

"கதவு மூடலைன்னா கயித்தப் போட்டுக் கட்டிக்கலாம் அத்தை. வண்டி நல்லாத்தான் ஓடுது" என்றாள் மகள்.

"கயித்தப் போட்டுக் கட்டுறதுக்கு இது என்ன வைக்கோல் வண்டியா?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மகன் தன் அக்காளையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினான். "நீங்க சொல்லுங்கப்பா."

மகளும் என்னைப் பார்த்தாள். நான் வைத்த சந்தனம் அடைத்திருக்கிறது, ராசியும் இல்லை ஒன்றும் இல்லை என்று சொல்ல எனக்கு அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

"நல்ல நேரம் போயிரும். வாடகைக்கு ஒரு வேனைக் கூப்பிடு" என்றேன்.

தட்டுகள் வாடகை வேனில் போயின. நானும் வேனில்தான் ஏறினேன். மகள் டிக்கியைக் கயிற்றால் கட்டிக்கொண்டு, காலி வண்டியைப் பின்னால் ஓட்டிவந்தாள். கதவு திறந்திருக்கிறது என்று கார் கீரனூர் வரைக்கும் மணி அடித்துக்கொண்டே வந்ததாம். பெண் வீட்டில் தட்டுகளை இறக்கும்போது அவள் ஓரமாக நின்று செருப்புகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள்.

அடுத்த விடுமுறை நாளில் கொண்டை ஊசியும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு டிக்கியின் அடியில் உட்கார்ந்தாள். நான் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். படிக்கவில்லை.

"அப்பா, இங்க வாங்க."

போனேன். அவள் உள்ளங்கையில் காய்ந்த மஞ்சள் நிறக் கட்டி ஒன்று இருந்தது. உடைந்த இடத்தில் குங்குமச் சிவப்பு.

"இது பூவா, எலுமிச்சம்பழமாப்பா?" என்றாள்.

"நான் வச்சதும்மா. வழிஞ்சுச்சு, உள்ள தள்ளிவிட்டுட்டேன்."

"தள்ளிவிட்டது ஞாபகம் இருந்துச்சா?"

"நீ கேட்டப்பவே ஞாபகம் வந்துச்சு."

அவள் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷை வெந்நீரில் நனைத்து, கொக்கி வாயைத் தேய்க்கத் தொடங்கினாள். தேய்த்துக்கொண்டே, என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "தட்ட வாங்குனீங்கல்ல, அன்னைக்கு நான் ஒண்ணும் நெனைக்கல. அத்தை உக்காந்திருக்காங்க, போகட்டும்னு விட்டேன். கேட்டப்ப சொல்லியிருக்கலாம்ப்பா. வாசல்ல அத்தன பேரு முன்னாடி நிக்க விட்டீங்களே."

மன்னித்துக்கொள் என்று சொல்ல நினைத்தேன். அதுகூட எனக்காகக் கேட்பதுபோல இருந்தது. "அக்காவுக்கு இப்பவே போன் போட்டுச் சொல்றேன்" என்றேன்.

அவளும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். சந்தனம், கொக்கி, கட்டைவிரல் எல்லாவற்றையும் அக்காவிடம் சொன்னேன். அந்தப் பக்கம் அக்கா சிரித்தாள்.

"ஏந் தம்பி, நீ வச்ச சந்தனமா? அடக் கிறுக்கா! அம்புட்டையுமா ஒரே எடத்துல அப்புவே? நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். நீ செஞ்சதுன்னா ஒண்ணும் இல்ல, விடு. கல்யாணத்துக்கு அந்த வண்டியிலயே தட்டக் கொண்டுபோகலாம். நான் சொன்னேன்னு அவகிட்டச் சொல்லு."

என் கை செய்தது என்று தெரிந்ததும் அபசகுனம் வெறும் கைப்பிசகாகிவிட்டது. மகள் கையாக இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் அக்கா என்று கேட்டிருக்க வேண்டும்.

"சரிக்கா" என்றேன்.

மகள் எழுந்து பொத்தானை அழுத்தினாள். டிக்கி இறங்கி வந்தது. கொக்கியைத் தொட்டது. கத்தவில்லை. உள்ளுக்கு இழுத்துக்கொண்டு மெல்லப் பூட்டிக்கொண்டது. அவள் பிரஷ்ஷை உதறிவிட்டுக் கையைத் துடைத்தாள்.

"கல்யாணத்துக்கும் வேனுக்கே சொல்லிருங்கப்பா" என்றாள்.

கல்யாணம் தை மாதம். வேனுக்குச் சொல்லியாயிற்றா என்று மகன் இரண்டு தடவை கேட்டுவிட்டான். வேனுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. அதற்கு முன்னால் அக்காவை மறுபடி கூப்பிட்டு அந்த ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும். தினமும் போனை எடுக்கிறேன். வாசலில் நிற்கும் காரைப் பார்க்கிறேன். திரும்ப வைத்துவிடுகிறேன்.