ஆளுக்குப் பதில் ஒரு இரும்புக் குழாய்

பழைய கார் பிரேக்கில் புகுந்த காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். என் மனைவி சாந்தி உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிப்பாள். நான் சக்கரத்தடியில் காற்று வெளியேறும் நட்டைத் திறப்பேன். எங்கள் நோர்வூட் மலைப்பாதை வளைவுகளில் பிரேக் பிடிக்காமல் போய்விடுமோ என்று பயந்து, "மிதிச்சிட்டியா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். "மிதிச்சிட்டேங்க, பயப்படாம தொறங்க" என்பாள்.

அவள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன பிறகு, இரும்புக் குழாய்க்குள் பழைய மோட்டார் சைக்கிள் ஸ்பிரிங்கை வைத்து ஒரு கருவி செய்தேன். சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவில் முட்டுக் கொடுத்தால், அதுவே அமுக்கிப் பிடித்தது. ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவனுக்குப் பெருமை தாங்கவில்லை. வீடியோ அழைப்பில் அவளுக்குக் காட்டினேன்.

"நல்லாத்தான் மிதிக்குது. என்னய மாதிரி ஏசவும் ஏசாது" என்று சிரித்தாள். பிறகு மெதுவாக, "மேடம் இன்னும் ரெண்டு வருசம் இருக்கச் சொல்றாங்க. இருந்துட்டு வரட்டுங்களா?" என்றாள்.

போனை என் முகத்துக்குத் திருப்பினேன். "வேணாம் புள்ள. இது மிதிக்கும். பயப்படாதீங்கன்னு சொல்லாதுல்ல."

"அப்ப முடியாதுன்னு சொல்லிடுறேன்" என்றாள்.

பங்குனியில் வருகிறாள். குழாய் ஒரு தடவைகூட நழுவியதில்லை. ஆனாலும் நட்டைத் திறக்கும் முன், ஆளில்லாத சீட்டைப் பார்த்து, "மிதிச்சிட்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் திறக்கிறேன்.