மகனின் பெயரால் ஆண்டவர்கள்

2009இல் அப்பா திடீரென்று இதயம் நின்று இறந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது, தம்பிக்கு ஒன்பது. ஈழத்தில் போர் முடிந்த அந்த வருடம், சுவிஸில் எங்கள் ஆட்கள் எல்லார் வீட்டிலும் யாருக்காகவோ அழுதுகொண்டிருந்தார்கள். எங்கள் அப்பாவுக்கென்று தனியாக அழ எனக்கு வரவில்லை. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த கையோடு, துன் நகரத்தில் ஹோட்டல் வேலை பார்த்த சித்தப்பா, டீட்டிகோனில் இருந்த எங்கள் வீட்டில் அப்பாவின் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"ஆம்பிளை இல்லாத வீடு, அண்ணி. பிள்ளையளோட துன்னுக்கு வாங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்."

அம்மா தேத்தண்ணியை அவர் முன்னால் வைத்தார். "ஆம்பிளை இருக்கிறான்தானே. அவனைக் கேட்டுப்போட்டுச் சொல்லுறன்."

அந்த ஆம்பிளை அறைக்குள் விளையாட்டுக் கார் உருட்டிக்கொண்டிருந்தான். அம்மா கேட்கவுமில்லை, அவன் சொல்லவுமில்லை. பிறகு சித்தப்பா எனக்குச் சம்பந்தம் கொண்டுவந்தபோதும், வீட்டை மாற்றச் சொன்னபோதும் அதே பதில்தான். விடியற்காலையில் தபாலகத்தில் பொதி பிரிக்கும் வேலைக்குப் போனவரும் அம்மா, எங்களைப் படிப்பித்தவரும் அம்மா. ஆனால் வீட்டில் எது நடந்தாலும் அது தம்பி எடுத்த முடிவு.

பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கப் போன நான் ஆய்வுக்கு எடுத்ததும் அப்படியொருத்தியைத்தான். மத்தியகால இத்தாலியச் சீமாட்டி. கணவன் செத்ததும் சின்ன மகனுக்காக ஆட்சியை ஏற்று, கொழுந்தன்மாரை வாசலோடு நிறுத்தியவள். கட்டளையெல்லாம் மகன் பெயரில், முத்திரை இவள் கையில். மகன் வளர்ந்து முத்திரையை வாங்கிக்கொண்ட பிறகு அவளைப் பற்றி எங்கேயும் ஒரு வரி கிடையாது. ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி என்பார்கள். தாயும் அதில் அடக்கம் போலும். அம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். வெங்காயம் வெட்டிக்கொண்டே, "கொழுந்தன்மார் எந்த ஊரிலையும் கொழுந்தன்மார்தான்" என்றார்.

போன வருடம் தம்பிக்குக் கல்யாணம், பக்கத்தில் ஷ்லீரன் என்ற ஊரில் ஒரு மண்டபத்தில். புருசன் இல்லாதவள் மணவறைக்கு ஏறக்கூடாதாம். மாப்பிள்ளையின் பெற்றோராகச் சித்தப்பாவும் சித்தியும் நிற்பார்களாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அம்மாதான் நிக்கவேணும் எண்டு நீ ஒரு சொல்லுச் சொன்னால் ஆர் மறிக்கப்போகினம்?" என்று தம்பியைக் கேட்டேன்.

"எனக்கும் அதுதான் விருப்பம் அக்கா. அந்த நேரம் சொல்லுறன்."

பக்கத்து அறையில் இருந்த அம்மாவுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். அப்பா போன பிறகு தொடாத மாம்பழ நிறப் பட்டுச் சேலையைக் கல்யாணத்தன்று உடுத்தி வந்தார். முன்வரிசையில், எழும்பிப் போக வசதியாக ஓரக் கதிரையில் இருந்தார்.

"மாப்பிள்ளையின்ர தாய் தகப்பன் வாங்கோ" என்றார் ஐயர். அம்மாவின் கை கதிரைப் பிடியில் ஊன்றியது. சித்தப்பா வேட்டியைச் சரிசெய்தபடி ஏறினார், பின்னால் சித்தி. தம்பி குனிந்து விரலில் இருந்த தர்ப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பல்லுக்கு ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது எனக்கு. கோபம்கூட வரவில்லை. எல்லாரோடும் சேர்ந்து அட்சதை போட்டேன்.

திரும்பி வரும்போது காரில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"நோகேல்லையோ அம்மா?"

"மணவறையில ஏறி எனக்கென்ன கிடைக்கப்போகுது?" அம்மா சேலையை ஒதுக்கிவிட்டு பெல்ட்டைப் போட்டார். "அவன் ஒருக்கால் என்னைத் திரும்பிப் பாத்திருந்தால், வேண்டாமெண்டு நானே கையைக் காட்டியிருப்பன்."