ரீசெட் அழுத்திய காலை

காலை ஒன்பது நாற்பத்தொன்றுக்கு இணையம் நின்றது. என் மகளுக்கு ஆசிரியர் பயிற்சிக்கான நேர்காணல் பத்து மணிக்கு, கணினி வழியாக. நீலச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு எட்டு மணியிலிருந்தே அவள் மேசையில் உட்கார்ந்திருந்தாள். சிடாம் கிரி ஊர்ப் பக்கம், ரப்பர் தோட்டத்தை ஒட்டிய எங்கள் வரிசை வீட்டுக்குத் தனி இணைப்பு கிடையாது. பக்கத்து வீட்டு அக்காவின் வைஃபையில்தான் இரண்டு வருடமாக ஓட்டுகிறோம். கைப்பேசி சிக்னலில் செய்தி வரும், வீடியோ அசையாது.

"மா, லைன் போச்சு."

நான் பள்ளி அலுவலகத்தில் குமாஸ்தா. அங்கே ஒருமுறை இப்படி நின்றபோது, கணினி பார்க்க வந்தவர் நெட்வொர்க் அமைப்புகளை அழித்துப் புதிதாக்கினார்; சரியாகிவிட்டது. அந்தத் தைரியத்தில் மவுஸைப் பிடித்தேன்.

"தொடாதீங்கமா. உங்க ஆபீஸ் கம்ப்யூட்டரும் இதுவும் ஒண்ணா?"

"சும்மா இரு லா. நான் பார்த்திருக்கேன்."

ரீசெட்டை அழுத்தினேன். நிச்சயமாகவா என்று கேட்டது. ஆம் என்றேன். இப்போதும் எந்தத் திரையாவது அப்படிக் கேட்டால் என் விரல் நின்றுவிடுகிறது. ஐந்து நிமிடத்தில் கணினி தானாக அணைந்து மறுபடி தொடங்கும் என்று எழுத்து வந்தது. நிறுத்தத் தெரியவில்லை. இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

அது மீண்டும் எழுந்தபோது ஒன்பது ஐம்பத்தாறு. வைஃபை பட்டியலில் ஒரு பெயர்கூட இல்லை. அக்காவுடையதையும் நானே அழித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஓடிப்போய்ப் பார்த்தால் அவர் வீட்டில் பூட்டு. அழைத்தேன், அவருடைய கைப்பேசி உள்ளேயே அடித்தது. பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று, அது அடித்து ஓயும்வரை கேட்டேன். மறுபடியும் அழைத்தேன்.

பத்து இருபதுக்கு மகளுக்குச் செய்தி வந்தது. அடுத்தவரை அழைத்துவிட்டார்களாம், இந்த வருடம் மறுவாய்ப்பு இல்லையாம். அவள் கைப்பேசியை என்னிடம் நீட்டினாள்.

"படிங்க. பார்த்திருக்கேன்னீங்களே."

வாங்கிப் படித்தேன். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பத்தரைக்கு அக்காவின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. காய்கறிக் கூடையோடு உள்ளே போனவர், உடனே எங்கள் வாசலுக்கு வந்தார்.

"ஒம்பதரைக்கு மேல பாசாருக்குக் கிளம்புறப்ப ஜெராய் மலைப் பக்கம் இடி இடிச்சுச்சு லா. மோடம் எரிஞ்சிடுமேன்னு வயரைக் கழட்டிட்டுப் போனேன். இப்ப மாட்டிட்டேன். லைன் வருதான்னு பாப்பாவைப் பார்க்கச் சொல்லு."