பேர் போன மிக்ஸி

ரவிசங்கர் 1984-இல் பசுமலையில் ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்து மிக்ஸி செய்யத் தொடங்கினார். என்ன பெயர் வைக்கலாம் என்று சௌராஷ்டிரச் சொந்தங்களைக் கேட்டபோது எல்லோரும் சாமி பெயராகச் சொன்னார்கள். அவர் மனைவியின் பெயரை வைத்துவிட்டார். 'வசுந்தரா' என்ற எழுத்து சிவப்பு நிறத்தில் மிக்ஸியின் நெற்றியில் ஏறியது. வசுந்தராவுக்குக் கூச்சம் பாதி, பெருமை பாதி. புது மாடல் வரும்போதெல்லாம் முதல் மிக்ஸி அவள் அடுப்படிக்குத்தான் வரும். விரலி மஞ்சளைப் போட்டு அரைத்துப் பார்த்து, சூடு ஏறாவிட்டால்தான் சரி என்பாள்.

பதினைந்து வருஷம் நன்றாக ஓடிற்று. கல்யாண வீடுகளில் சீர் வரிசையில் தன் பெயரைப் பார்த்துப் பார்த்து அவளுக்குப் பழகிப்போனது. பிறகு வடக்கேயிருந்து பெரிய கம்பெனிகள் வந்தன; ரவிசங்கரால் ஈடுகொடுக்க முடியவில்லை. 1999-இல் பேரோடு சேர்த்துக் கோயம்புத்தூர்க்காரர் ஒருவருக்கு விற்றார். அவர் ஒரே வருஷத்தில் டெல்லிக் கம்பெனிக்குக் கைமாற்றிவிட்டார். கொட்டகை பூட்டப்பட்டது. மிக்ஸி எங்கோ செய்யப்பட்டு, அதே சிவப்பு எழுத்தோடு கடைகளுக்கு வந்துகொண்டிருந்தது.

அதன் பிறகுதான் வசுந்தராவுக்குத் தலைகுனிவு தொடங்கியது. காய்கறிக் கடையில் ஒருத்தி இன்னொருத்தியிடம், "வசுந்தராவ மட்டும் வாங்கிராதக்கா, வாங்குனத விட ரிப்பேருக்கு அழுதது சாஸ்தி" என்று சொல்வதை அவள் காதாலேயே கேட்டாள். சொந்தக்காரர் கல்யாணத்தில் யாரோ பெயர் கேட்க, சொன்னதும் பந்தியே சிரித்தது. அது இப்போது எங்களுடையது இல்லை என்று அவள் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். சொல்லிச் சொல்லி அதுவே அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

2001 பங்குனியில் ஒரு நாள் உச்சி வெயிலில் கேட்டைத் தட்டிக்கொண்டு ஒரு பெண் நின்றாள். நாற்பது வயதிருக்கும். இடுப்பில் வயர் கூடை, கூடைக்குள் மிக்ஸி. பெயர் தங்கப்பொண்ணு, திருவாதவூரில் இட்லிக் கடை போட்டிருக்கிறாள், ரெண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். முந்தைய மிக்ஸியின் கியாரண்டி அட்டையில் இந்த வீட்டு விலாசம் இருந்ததாம். அந்த மிக்ஸி பத்து வருஷம் உழைத்தது. மோட்டாரில் தேய்கிற கார்பனை மாற்றினதோடு சரி. அந்த நம்பிக்கையில்தான் அதே பெயரில் இதை வாங்கியிருக்கிறாள். இதுவோ இரண்டு வருஷத்தில் மூன்று தடவை சூடேறி நின்று, இப்போது மோட்டாருக்குள் கம்பி சுற்றிய காயிலே கருகிவிட்டது. சர்வீஸ் சென்டரில் இந்த முறை மோட்டாரையே மாற்றச் சொல்லித் தொள்ளாயிரம் கேட்கிறார்கள். மிக்ஸி விலையே ஆயிரத்து அறுநூறு.

"வசுந்தராங்கிறது மொதலாளியம்மா பேருன்னு கடைக்காரர் சொன்னாரு. அந்தம்மாட்ட ஒரு வார்த்த கேட்டுப் போகலாம்னு வந்தேன். நீங்கதானாம்மா அது?"

வசுந்தராவுக்குக் காய்கறிக் கடையும் கல்யாணப் பந்தியும் ஒருசேர நினைவுக்கு வந்தன.

"அவங்க ஊர்ல இல்ல" என்றாள்.

சொன்ன வேகத்தில் மனசு உறுத்தவே, மிக்ஸியை வைத்துவிட்டுப் போகச் சொல்லி, அவர்கள் வந்ததும் சொல்வதாகவும் சொன்னாள். குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். தங்கப்பொண்ணு படியில் நின்று சொம்பை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தபோது உள்ளே இருந்து ரவிசங்கரின் குரல் வந்தது.

"வசுந்தரா, வாசல்ல யாரு?"

தங்கப்பொண்ணு சொம்பை இறக்கினாள். வசுந்தராவை ஒருமுறை பார்த்தாள். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு, சொம்பைப் படியின் ஓரமாக வைத்து, "சரிங்கம்மா. அவங்க வந்ததும் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வெறும் கூடையோடு நடந்தாள்.

அன்று முழுவதும், பெற்றவர்கள் வைத்த பேரை வாசலில் நின்று இல்லை என்று சொன்னோமே என்று நினைக்க நினைக்க உடம்பு கூசியது. மறுநாள் காலையில் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு பழங்காநத்தத்துக்குப் போனாள். அங்கே சுருளி ரிப்பேர் கடை வைத்திருந்தான். உசிலம்பட்டிக்காரன், கொட்டகை பூட்டும்வரை அவர்களிடம் காயில் சுற்றியவன். அவளைக் கண்டதும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

டெல்லிக்காரன் சரக்கு எப்படி இருக்கிறது பார் என்று அவள்தான் பேச்சை எடுத்தாள். சுருளி மிக்ஸியைக் கவிழ்த்து அடியில் இருந்த நம்பரைப் பார்த்தான். பிறகு கழற்றிக் காயிலைப் பார்த்தான்.

"அம்மா, இது டெல்லிக்காரன் செஞ்சதில்ல. நம்ம கொட்டகையில செஞ்சது. இந்தக் காயில் நான் சுத்துனது."

அவளுக்குப் புரியவில்லை. அவன் கம்பியைச் சுரண்டிக் காட்டினான். உள்ளே வெள்ளையாக இருந்தது. செம்பு இல்லை, விலை மலிவான, சீக்கிரம் சூடேறிக் கருகுகிற அலுமினியம். விற்பதற்கு முந்தின ஆறு மாதம், லாபம் கூடுதலாகத் தெரிந்தால்தான் நல்ல விலை கிடைக்கும் என்று முதலாளி கம்பியை மாற்றச் சொன்னாராம்.

"வேணாம்னு நானும் சொன்னேன். அப்புறம் சுத்திட்டேன். எம்மேலயும் தப்பிருக்கு" என்றான் சுருளி.

அந்த ஆறு மாதமும் தன் அடுப்படிக்கு ஒரு மிக்ஸிகூட வரவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தான் ஏன் என்று கேட்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்து கணவரிடம் வீட்டு மொழியான சௌராஷ்டிரத்திலேயே கேட்டாள். அவர் பேப்பரை மடித்தார். பையனின் படிப்பு, வீட்டுக் கடன் என்று தொடங்கினார். பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். "உன் பேர்ல அதச் செஞ்சிருக்கக் கூடாது" என்றார்.

சுருளி நான்கே நாளில் செம்புக் கம்பி சுற்றி, புது கார்பன் போட்டுக் கொடுத்தான். கூலி வாங்க மறுத்துவிட்டான். வசுந்தரா ரெண்டு பஸ் மாறித் திருவாதவூர் போனாள். கடையில் கூட்டம் ஓய்ந்திருந்தது. தங்கப்பொண்ணு ஆட்டுரலில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. பார்த்ததும் எழுந்தாள், வாங்க என்றாள்.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு வசுந்தராவுக்கு மறந்துபோனது.

"நான்தான் வசுந்தரா. அன்னைக்குப் பொய் சொல்லிட்டேன். இந்த மிக்ஸியக் கெடுத்ததும் வேற யாருமில்ல, நாங்கதான்."

தங்கப்பொண்ணு கையைக் கழுவி வந்து மிக்ஸியை வாங்கினாள். பிளக்கைச் செருகிப் பார்த்தாள். கரண்ட் இல்லை. மூன்று மணிக்கு வரும் என்றாள். இரண்டு பேரும் பெஞ்சில் ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். நடுவில் தங்கப்பொண்ணு ஒரு தட்டில் இரண்டு இட்லி வைத்துத் தந்தாள். வசுந்தரா குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டாள்.

கரண்ட் வந்ததும் தேங்காயும் மிளகாயும் போட்டு ஓட்டிப் பார்த்தார்கள். சத்தம் சீராக வந்தது; சூடு ஏறவில்லை.

"நல்லா ஓடுதும்மா" என்றாள் தங்கப்பொண்ணு. மூடியைத் திறந்து வழித்துக்கொண்டே, "இம்புட்டுத் தூரம் வந்து சொன்னீங்க, சரி. ஆனா ரெண்டு வருசம் நான் கை வலிக்க அரைச்சது அரைச்சதுதான்" என்றாள்.

வசுந்தரா தலையை ஆட்டினாள். மன்னிப்பு கேட்கலாம் என்று வாயெடுத்தவள், அதைக் கேட்கவும் தனக்கு வாயில்லை என்று தோன்றி எழுந்துவிட்டாள்.

அந்த நம்பர் வரிசையில் எந்த மிக்ஸி வந்தாலும் செம்பு சுற்றிக் கொடுக்கும்படியும், செலவைத் தன்னிடம் கேட்கும்படியும் சுருளியிடம் சொல்லி வைத்தாள். அடுத்த நாலைந்து வருஷத்தில் பதினோரு மிக்ஸி வந்தன. அந்த ஆறு மாதத்தில் செய்தது இரண்டாயிரத்துக்கும் மேல் என்று சுருளி சொல்லியிருந்தான். மீதி எந்தெந்த வீட்டில் கருகிக் கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த வீட்டு அடுப்படிப் பக்கம் பார்க்காமல் இருக்க அவள் பழகிக்கொண்டாள்.