சேலை கட்டிய எஞ்சின்

மலாயாவில், சிம்பாங் ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்தபோது, ரப்பர் ஸ்டோருக்கு ஓர் எண்ணெய் எஞ்சின் வந்து இறங்கியது. சீமையிலிருந்து புதிதாக வந்திருந்த துரைக்குத் தமிழ் தெரியாது. அவர் வாயில் அந்த எஞ்சின் எப்போதும் ‘அவள்’தான். அவளுக்கு இன்று சளி, அவளை அதட்டாதே, தினமும் காலையில் அவளை மேலெல்லாம் மெதுவாகத் துடைத்துவிடு. இதையெல்லாம் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் நிற்கும் ஜனங்களுக்குத் தமிழில் சொல்வது என் வேலை. ‘அது’ என்று மாற்றிச் சொல்லியிருக்கலாம். அந்த நல்ல புத்தி எனக்கு எந்நாளும் இருந்ததில்லை. சொன்னபடியே சொன்னேன். பெண்கள் பக்கம் எழுந்த சிரிப்பில் ரப்பர் பால் வாளிகள் உருண்டன.

ரப்பர் விலை விழுந்து, வேலைக்கு ஆகாதவர்களை ஊருக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்த காலம். பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டும் ஒருத்திக்கு முழங்கால் வீங்கி, மேட்டுக்காட்டில் ஏற முடியவில்லை. ஊரில் அவளுக்கு நாதி கிடையாது. எஞ்சின் துடைக்கும் வேலையையாவது கொடுங்கள் என்று கங்காணியிடம் வந்து நின்றாள். அவரோ அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"அது போயி எஞ்சினத் தொடறதாங்க கிராணி? ஆம்பள வேல லா!"

இரும்பு ‘அவள்’, எதிரில் நிற்கிற மனுஷி ‘அது’. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆயுத பூஜை வந்தது. கங்காணி தன் கையாலேயே எஞ்சினுக்குக் குங்குமம் வைத்து, மாலை போட்டு, "தாயே, காப்பாத்து" என்று விழுந்து கும்பிட்டார். அவர் எழுந்து போனதும் அந்த முழங்கால் வீங்கியவள் தன் மஞ்சள் சேலையைக் கொண்டுவந்து எஞ்சினுக்குச் சுற்றி, கொசுவம் வைத்து, முந்தானையையும் செருகிவிட்டாள். மறுநாள் காலை எண்ணெய்த் துணியோடு வந்த ஆட்களை வாசலிலேயே மறித்தாள்.

"நேத்து தாயேன்னு விழுந்தீங்க. இன்னிக்கு அவ சேலைய உருவி ஒடம்பத் தொடைக்கப் போறீங்களா? பொம்பளைக்குப் பொம்பளதான் குளிப்பாட்டணும். வெளிய நில்லுங்க!"

ஆட்கள் நிஜமாகவே கூசிப்போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். கங்காணியிடமிருந்து "அலமாக்" என்று, மலாய்க்காரர்கள் ‘ஐயையோ’வுக்குச் சொல்லும் ஒரு சத்தம் மட்டும் வந்தது.

எஞ்சின் சத்தம் கேட்காததால் துரை ஓடிவந்தார். முந்தானையைப் பார்த்ததும் முகம் சிவந்துவிட்டது.

"யார் இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தது?"

"நீங்கள்தான் துரை" என்று சொல்லி, நடந்ததை விளக்கினேன்.

அவர் பீப்பாய்மேல் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். ஆதிகாலத்தில் அவர்கள் இங்கிலீஷ் பாஷையில் கல்கூட ‘அவன்’, சூரியன் ‘அவள்’, பெண்டாட்டிதான் ‘அது’வாம். அப்புறம் அதெல்லாம் போய், இப்போது ஆசை வைத்த சாமான் ‘அவள்’ ஆகிவிட்டதாம். எங்கள் கங்காணி இன்னும் அந்த ஆதிகாலத்தில்தான் இருக்கிறார் என்றேன். வேலை அவளுக்கே கிடைத்தது. எனக்கு அன்று முழுக்க ஒரே குஷி.

அதன்பின் தினமும் காலையில் துரை என்னிடம் கேட்பார்: "அவள் எப்படி இருக்கிறாள்?"

ஒருநாள் சொன்னேன்: "முழங்கால் வீக்கம் வற்றிவிட்டது துரை. இனி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயமும் இல்லை. நன்றாக இருக்கிறாள்."

"நான் எஞ்சினைக் கேட்டேன்."

"அதுவா? அது ஓடிக்கொண்டிருக்கிறது" என்றேன்.